கோப்பி கற்பித்த பாடம்

வருங்காலத்தை அறிந்துகொள்ள விரும்பாதார் உலகில் இலர். சித்திரைப் புத்தாண்டு பிறந்ததும் பஞ்சாங்கத்தைப் புரட்டி, எந்த இராசிக்கு வரவு எத்தனை, செலவு எத்தனை என்று பார்ப்பது எமது இல்லங்களில் நெடுநாளைய வழக்கம். வணிகர் சந்தை நிலவரத்தை ஆராய்கின்றனர். அரசாங்கங்கள் புள்ளிவிபரங்களைத் தொகுத்துத் திட்டங்கள் தீட்டுகின்றன. பெற்றார் தம் பிள்ளை எத்துறையிற் கற்றால் பத்தாண்டுகளின் பின் நல்ல உத்தியோகம் கிடைக்கும் என்று ஆசிரியரிடம் வினவுகின்றனர். நாளை நிகழப்போவதை இன்றே அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இவர்கள் யாவரதும் அவா.

ஆயின் நாளை என்பது எவருடைய கணக்குக்கும் முற்றாக அடங்குவதில்லை. 2019ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் திட்டம் தீட்டியோர், அடுத்த ஆண்டில் உலகமே கதவடைத்து வீட்டுக்குள் இருக்கும் என எண்ணியிருக்கவில்லை. 2022இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், சில மாதங்களுள் 360 ரூபாவை எட்டும் என்று கணித்து வீட்டுச் செலவைத் திட்டமிட்ட குடும்பங்களும் அரியவே. அப்படியாயின் திட்டமிடுதலே வீண்தானா? அறிய முடியாத ஒன்றுக்கு ஆயத்தம் செய்வது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. எமது மலைநாட்டின் சரித்திரத்திலேயே அதற்கு ஒரு நல்ல விடை உண்டு.

கோப்பி ஆண்ட காலம்

இன்று இலங்கை என்றதும் உலகோர் நினைவில் எழுவது தேயிலை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரோ இத்தீவின் செல்வம் கோப்பியாகவே இருந்தது. 1835இல் பிரித்தானியாவில் இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பிக்கும் இறக்குமதி வரி சமமாக்கப்பட்டது. அதன்பின் துரைமார் மலைகளை நோக்கி விரைந்தனர். உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடுகள் 1840ஆம் ஆண்டின் சட்டத்தால் முடிக்குரியனவாகி, தோட்டங்களுக்கென விற்கப்பட்டன.

அக்காடுகளை அழித்துக் கோப்பி நட்டவர்கள் தமிழ்நாட்டு உழைப்பாளர். இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து கடல் கடந்து வந்த அவர்கள், மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுப் பாதையிற் கால்நடையாகவே சென்றனர். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானோர் பலர். 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்குத் திறக்கப்பட்ட புகையிரதப் பாதையும் பிரதானமாகக் கோப்பியை ஏற்றியிறக்கவே அமைந்தது. 1870இல் ஏற்றுமதியான கோப்பி பத்து இலட்சம் அந்தருக்கும் அதிகம். உலகின் முதன்மையான கோப்பி நாடுகளுள் ஒன்றாக இலங்கை விளங்கியது.

அந்நாளில் ஒரு தோட்டத்துரையிடம் வருங்காலத்தைப் பற்றி வினவியிருப்பின், அவர் லண்டன் விலையைப் பற்றியும் பிரேசில் நாட்டின் போட்டியைப் பற்றியும் உழைப்பாளர் வருகையைப் பற்றியும் விரிவாகச் சொல்லியிருப்பார். 1847, 1848ஆம் ஆண்டுகளில் விலை வீழ்ந்து பலர் நொடிந்துபோனமையும் அவருக்கு நினைவிருந்திருக்கும். ஆயின் அவருடைய கணக்கில் இல்லாத பகை ஒன்று 1869இல் தோன்றியது. மடூல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறப் பொடி படிந்த புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பேர்க்லி என்னும் அறிஞர் அதனை அதுவரை அறியப்படாத ஒரு பூஞ்சண நோயென்று கண்டு, 'ஹெமிலேயா வஸ்தாத்ரிக்ஸ்' எனப் பெயரிட்டார். வஸ்தாத்ரிக்ஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்குப் பாழ்செய்பவள் என்பது பொருள்.

நோயை மறைத்த விலை

அந்நோய் செடியை ஒரே நாளிற் கொல்லவில்லை. இலைகள் உதிர்ந்தன, மீண்டும் துளிர்த்தன, மீண்டும் உதிர்ந்தன. ஆண்டுதோறும் விளைவு சிறிது சிறிதாகக் குறைந்தது. ஏக்கருக்குக் கிடைத்த கோப்பி பத்தாண்டுகளுள் பாதிக்கும் கீழாக இறங்கியது. ஆனால் அதே காலத்தில் உலகச் சந்தையிற் கோப்பி விலை ஏறிக்கொண்டிருந்தது. காய் குறைந்தாலும் காசு குறையவில்லை. ஆகவே நோயைக் கண்டு அஞ்சுவதற்குப் பதிலாகத் துரைமார் கடன் வாங்கி, திம்புளை, டிக்கோயாப் பகுதிகளிலும் சிவனொளிபாத மலைச் சாரலிலும் புதுக்காடுகளை வெட்டி மேலும் கோப்பியை நட்டனர். இளஞ்செடிகளின் விளைவு முதுசெடிகளின் நலிவை மறைத்தது.

1880இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலறிஞர் இந்நோயை ஆராய வந்தார். பூஞ்சணத்தின் நுண்வித்துகள் காற்றிற் பரவுகின்றன என்பதை அவர் நிறுவினார். இடையில் வேறு மரமின்றி மைற்கணக்கில் ஒரே பயிரை நட்டமையே நோய்க்குத் திறந்த வழியாயிற்று என்பதையும் எடுத்துக் காட்டினார். நோய்க்கு மருந்து எதுவும் அவரிடம் இருக்கவில்லை. விலையும் வீழத் தொடங்கியபோது மறைந்திருந்த நட்டம் முழுவதும் வெளிப்பட்டது. 1884 மே மாதத்தில், தோட்டங்களுக்குப் பெருங்கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி கதவை மூடிற்று. அவ்வங்கியின் நோட்டுகளைக் கையில் வைத்திருந்த மக்கள் கலங்கினர். தேசாதிபதி ஆதர் கோர்டன் அந்நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பேற்கும் என்று அறிவித்த பின்னரே கலக்கம் தணிந்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. துரைமார் அறிவிலிகள் அல்லர். நோய் வந்தது அவர்களுக்குத் தெரியும். கையில் வந்துகொண்டிருந்த இலாபமே அவர்களுக்குத் திரையாக நின்றது. வருமானம் குறையாதிருப்பதை உடல்நலத்தின் அடையாளமாகக் கொள்ளும் தவறு தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று. கடை, தொழிற்சாலை, கல்லூரி, அரசு ஆகிய அனைத்திலும் அது நிகழக்கூடியது.

பத்தொன்பது ஏக்கர்

இனி மற்றொரு தோட்டத்தைப் பார்ப்போம். ஸ்கொட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் ரெயிலர் 1852இல் தமது பதினாறாம் வயதில் இலங்கைக்கு வந்தார். கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் அவர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார். அவ்வாண்டை வாசகர் கூர்ந்து நோக்குவாராக. கோப்பி நோய் காணப்படுவதற்கு அது இரண்டாண்டுகள் முந்தியது. ஆகவே ரெயிலர் வரப்போகும் அழிவை முன்னறிந்து தேயிலை நட்டார் என்று கூறுவது பொருந்தாது. கோப்பி செழித்திருந்த நாளிலேயே, வேறொரு பயிரும் இம்மண்ணுக்கு ஏற்குமா என்று அறியச் சிறிய அளவிற் பரிசோதித்தார். அவர் செய்தது அவ்வளவே.

தேயிலை இலங்கைக்கு அவர் கொண்டுவந்த புதுமையுமன்று. 1824இல் சீனத்துச் செடிகளும் 1839இல் அசாம் விதைகளும் பேராதனைப் பூங்காவுக்கு வந்திருந்தன. 1841இல் வோர்ம்ஸ் சகோதரர் புசல்லாவையில் தேயிலை நட்டுப் பார்த்தனர். அம்முயற்சிகள் இலாபம் தரவில்லை. ரெயிலரோ விடாது உழைத்தார். தொடக்கத்தில் தமது பங்களாவின் விறாந்தையிலேயே கொழுந்தைக் கையால் உருட்டிப் பதம் பார்த்தார். பின்னர் தொழிற்சாலை அமைத்து, உருட்டும் பொறி ஒன்றையும் செய்வித்தார். 1873இல் அவரது தேயிலை 23 இறாத்தல் லண்டனுக்குச் சென்றது. கப்பல் கப்பலாகக் கோப்பி சென்ற நாளில் 23 இறாத்தல் எம்மாத்திரம்!

ஆயினும் கோப்பி மாண்டபோது அந்தச் சிறு வயலின் பெறுமதி விளங்கிற்று. எவ்விதை இம்மலைக்கு ஏற்றது, எத்தனை நாளுக்கொருமுறை கொழுந்து எடுப்பது, எங்ஙனம் வாட்டி உருட்டி உலர்த்துவது என்ற அறிவு ஏற்கெனவே கையிருப்பில் இருந்தது. தெருக்களும் புகையிரதமும் முன்பே இருந்தன. 1869இல் திறக்கப்பட்ட சுயஸ் கால்வாய் லண்டனுக்கான கடற்பயணத்தைக் குறுக்கியிருந்தது. 1875இல் ஆயிரம் ஏக்கர் அளவில் இருந்த தேயிலை, 1900இல் மூன்றரை இலட்சம் ஏக்கரையும் கடந்து பரந்தது.

பத்தொன்பது ஏக்கரும் பட்டுப்போயிருந்தால் இழப்பு பத்தொன்பது ஏக்கரே. அவை பிழைத்தமையால் ஒரு நாட்டின் பொருளாதாரமே பிழைத்தது. இழக்கக்கூடியது சிறிதாகவும் அறியக்கூடியது பெரிதாகவும் உள்ள முயற்சியை, வளமாக இருக்கும் காலத்திலேயே தொடங்கி வைத்தல் வேண்டும். அறியாத எதிர்காலத்துக்கு ஆயத்தம் செய்யும் முறை இதுவே.

எல்லோரும் ஓடிய வழி

கோப்பிக்கும் தேயிலைக்கும் இடையில் மூன்றாம் பயிர் ஒன்றும் உண்டு. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினாவைத் தரும் சிங்கோனா மரம் 1861இல் ஹக்கலைப் பூங்காவில் வளர்க்கப்பட்டது. பல ஆண்டுகள் அதனை எவரும் பெரிதாக மதிக்கவில்லை. கோப்பி சரியத் தொடங்கியதும் யாவரும் ஒருங்கே சிங்கோனாவை நோக்கி ஓடினர். 1886இல் பட்டை ஏற்றுமதி நூற்றைம்பது இலட்சம் இறாத்தலை எட்டியது. அவ்வளவு பட்டையும் ஒரே சந்தையிற் குவியவே விலை சரிந்தது. அன்றியும், ஜாவாவில் ஒல்லாந்தர் வளர்த்த இனத்தின் பட்டையிற் கொயினாச் சத்து மிகுதி. சில ஆண்டுகளில் இலங்கைச் சிங்கோனாவின் கதை முடிந்தது. தேயிலை பயன்தரும் வரை பலரைத் தாங்கிய பெருமை அதற்கு உண்டெனினும், அதனையே நிலையானதென நம்பியோர் இரண்டாம் முறையும் இழந்தனர்.

ஒரு வழி நல்லது என்பது ஒரு விடயம். அதே வழியில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடும்போதும் அது நல்லதாக இருக்குமா என்பது வேறு விடயம். ஒரே துறை, ஒரே பரீட்சை, ஒரே நாட்டுக்கான பயணம் என்று கூட்டமாக விரையும் எமது குடும்பங்கள் சிங்கோனாவை நினைவிற் கொள்ளுதல் நன்று.

மலையிற் பெய்த மழை

இவ்வனுபவத்தை அறிஞர் எங்ஙனம் வகுத்துரைத்தனர் எனப் பார்ப்போம். 1921இல் அமெரிக்கப் பொருளியலறிஞர் பிராங் நைற், இடர் வேறு, நிச்சயமின்மை வேறு என்று பிரித்துக் காட்டினார். தாயக்கட்டையை உருட்டினால் எந்த எண் விழும் என்பது தெரியாது. ஆனால் விழக்கூடிய எண்கள் எவை, வாய்ப்பு எவ்வளவு என்பன தெரியும். இது இடர். இதற்குக் கணக்குண்டு, காப்புறுதியும் உண்டு. நிச்சயமின்மையில் விழக்கூடியவை எவை என்பதே தெரியாது. லண்டன் விலையின் ஏற்றவிறக்கம் துரைமாருக்கு இடர் போன்றது. இலையிற் படிந்த செம்மஞ்சட் பொடியோ நிச்சயமின்மை.

ஏறக்குறைய ஐம்பதாண்டுகளின் பின் ஷெல் எண்ணெய்க் கம்பனியில் பியேர் வாக் என்னும் பிரெஞ்சு நாட்டவர் ஒரு முறையை வளர்த்தார். எண்ணெய் விலை இன்னதாக இருக்கும் என்று ஒற்றை எண்ணைச் சொல்வதை அவர் கைவிட்டார். நிகழக்கூடிய எதிர்காலங்கள் பலவற்றைக் கதைபோல வரைந்து, ஒவ்வொன்றிலும் நாம் என் செய்வோம் என்று மேலாளரைச் சிந்திக்க வைத்தார். உற்பத்தி நாடுகள் ஒன்றுகூடி விலையை உயர்த்தும் என்பதும் அக்கதைகளுள் ஒன்று. 1973 ஒக்டோபரில் மத்திய கிழக்கில் யுத்தம் மூண்டது. பீப்பாய் ஒன்று மூன்று டொலர் அளவில் விற்ற எண்ணெய், 1974 ஜனவரியில் பன்னிரண்டு டொலரை நெருங்கியது. பிறர் திகைத்து நின்ற வேளையில், அந்நிலையை முன்னரே மனத்தில் நடந்து பார்த்திருந்தவர்கள் விரைந்து செயற்பட முடிந்தது.

வாக் கூறிய உவமை ஒன்று எமக்கு மிகவும் அணுக்கமானது. கங்கையின் தலைப்பகுதியில் கனமழை பெய்துவிட்டால், சில நாளில் ரிஷிகேசத்திலும் பின்னர் அலகாபாத்திலும் அதன்பின் காசியிலும் வெள்ளம் வரும் என்பது உறுதி. அது சோதிடமன்று, பெய்துவிட்ட மழையின் விளைவு. ஆகவே எதிர்காலத்தைப் பற்றி எண்ணுவோர், மலையில் ஏற்கெனவே பெய்துவிட்ட மழை எது, இன்னும் பெய்யாத மேகம் எது என்று முதலிற் பிரித்தறிதல் வேண்டும். திருக்குறளில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்திருப்பதும் இங்கு எண்ணத்தக்கது. செயலுக்கு முன் எதையெதை அறிய வேண்டும் என்ற ஒழுங்கு எமது மரபுக்குப் புதியதன்று.

நட்டம் யாரைச் சேர்ந்தது?

இதுவரை நாம் துரைமாரையும் கம்பனிகளையும் பற்றியே பேசினோம். ஆனால் கோப்பி வீழ்ந்தபோது முதலில் வீழ்ந்தவர் அவர்களல்லர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்கள், நோயுற்ற கோப்பித் தோட்டங்களிலேயே வந்து சேர்ந்தனர். பல தோட்டங்களிற் கூலி மாதக்கணக்கில் நிலுவையாயிற்று. பலர் வெறுங்கையுடன் ஊர் திரும்பினர். கங்காணியிடம் பெற்ற முற்பணம் மட்டும் கடனாகத் தொடர்ந்தது. துரைக்கு வேறு பயிர் நட நிலமிருந்தது. இவர்களுக்குப் பரிசோதிக்க ஒரு முழ நிலமும் இல்லை.

தேயிலை அவர்களின் வாழ்வையும் மாற்றியது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்திலேதான் பெருந்தொகையானோர் தேவை. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். ஆகவே ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாகக் குடும்பங்கள் லயங்களில் நிலைத்துத் தங்கின. ஒரு பயிரிலிருந்து இன்னொரு பயிருக்கு மாறிய முடிவு, ஒரு சமூகத்தின் தலைவிதியாயிற்று. அம்முடிவில் அவர்களுக்குக் குரல் இருக்கவில்லை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களைப் பெரும்பாலும் நாடற்றவராக்கியபோதும் அவர்களை எவரும் கேட்கவில்லை. ஆதலால் பெருந்திட்டம் எதனைக் கேட்டாலும் நாம் ஒரு வினாவை எழுப்புதல் கடமை: இது பிழைத்தால் யார் தாங்குவது?

அண்மைக் காலத்தில் இவ்வினாவை எழுப்ப வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று வந்தது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி நாடு முழுவதற்கும் ஒருங்கே தடைசெய்யப்பட்டது. இயற்கை உரத்தின் நன்மை பற்றி இங்கு நாம் வாதிடவில்லை. ஒரு மாவட்டத்தில், ஒரு போகத்தில், சிறிய அளவிற் செய்து பார்த்திருக்கக்கூடியது, அத்தனை விவசாயிகளின் மீதும் ஒரே முறையில் ஏற்றப்பட்டது என்பதே எமது கவலை. நவம்பரில் தடை பெரும்பாலும் நீக்கப்பட்டபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. நெல் விளைவு வெகுவாகக் குறைந்தது. பத்தொன்பது ஏக்கரிற் கற்றிருக்க வேண்டிய பாடத்தை நாடு முழுவதையும் வைத்துக் கற்றோம்.

எமது இல்லங்களில்

இனி, பெற்றாரும் மாணவரும் இதனால் அடையக்கூடிய பயன் யாது? முதலாவது, பெய்துவிட்ட மழையைக் காணுங்கள். இலங்கையில் முதியோர் தொகை பெருகி வருகின்றது. வெப்பநிலை உயர்கின்றது. கடிதம் வரைதல், கணக்குப் பதிதல், மொழிபெயர்த்தல் போன்ற எழுத்து வேலைகளைச் செயற்கை நுண்ணறிவு செய்யத் தொடங்கிவிட்டது. இவை வரலாம் என்பனவல்ல, வந்துவிட்டன. ஆனால் எந்த உத்தியோகம் நிலைக்கும், எது மறையும் என்பது இன்னும் பெய்யாத மேகம். அதனை உறுதியாகச் சொல்வாரிடம் சிறிது எச்சரிக்கையாக இருங்கள்.

இரண்டாவது, பிள்ளைகளுக்குப் பிரதான பயிரோடு ஒரு சிறு வயலையும் கொடுங்கள். மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ கணக்கியலுக்கோ படிக்கும் பிள்ளை, அதனோடு சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் பேசிப் பழகலாம். கைத்தொழில் ஒன்றைக் கற்கலாம். புதிய கணினிக் கருவிகளைத் தானே கையாண்டு பார்க்கலாம். வாரத்தில் இரண்டு மணி நேரம் போதும். அதனால் இன்று பயனில்லையே என்று சலிக்க வேண்டாம். 23 இறாத்தல் தேயிலையாலும் 1873இல் பெரும்பயன் இருக்கவில்லை.

மூன்றாவது, விதைநெல்லை உண்ணாதீர்கள். ஒரே பரீட்சைக்காகவும் ஒரே வெளிநாட்டுப் பயணத்துக்காகவும் காணியை ஈடுவைத்து, தாயின் நகைகளை அடகு வைத்து, வட்டிக்கும் வாங்கிச் செலவிடும் குடும்பத்துக்கு, அது தவறினால் மீண்டும் விதைக்க எதுவும் மிஞ்சாது. முடிவெடுக்கும் முன்னர் குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து மூன்று கதைகளைப் பேசிப் பார்க்கலாம்: எண்ணியபடி நடந்தால் என்ன செய்வோம், தாமதமானால் என்ன செய்வோம், நடக்காமலே போனால் என்ன செய்வோம்? மூன்றாம் கதைக்கு விடையில்லாத திட்டத்தைச் சிறிதாக்க வேண்டும், அல்லது பிற்போட வேண்டும். பிள்ளையும் அவ்வுரையாடலில் இருத்தல் அவசியம். விளைவைத் தாங்கப்போவது அப்பிள்ளையே அல்லவா?

அயலவரும் ஆசிரியரும் கல்லூரிகளும் செய்ய வேண்டியதும் உண்டு. மலைநாட்டு லயத்திலும், வன்னியிலும், மீனவர் கிராமத்திலும் வாழும் பல குடும்பங்களுக்குச் சேமித்து வைக்க விதைநெல்லே இல்லை. அவர்களிடம் தொலைநோக்கைப் பற்றி உபதேசித்துப் பயனில்லை. மாலை வகுப்பு ஒன்று, நூலகத்தில் ஒரு கணினி, கைத்தொழிற் பயிற்சிக்கு ஒரு சிறு உதவிப்பணம் ஆகியவற்றை ஊரார் சேர்ந்து அமைத்துக் கொடுப்பின், அப்பிள்ளைகளுக்கும் நட்டுப் பார்க்கச் சிறிது நிலம் கிடைக்கும். இவ்வாண்டு ஒவ்வொரு பழைய மாணவர் சங்கமும் இவற்றுள் ஒன்றையேனும் தொடங்குமாயின் அதுவே நல்ல ஆரம்பமாகும்.